ஃபியோர்டுக்குள் நுழையும் நாழிகை

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் பெருங்கப்பல் ஒன்றில் ஏழு இரவுகள் பிரயாணம் செய்து, நார்வே தேசத்தின் ஃபியோர்டுகளைக் கண்டுவர வேண்டுமென்று நானும் என் மனைவியும் பல வருஷங்களாகச் சங்கற்பம் செய்து, அதற்கெனச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அந்தப் பாக்கியம் ஒருவாறு கைகூடிய ஜூன் மாதத்தில், எந்தக் காட்சிக்காகச் சென்னையிலிருந்து அத்தனை தூரம் கடந்து சென்றோமோ அந்தக் காட்சியையே தவறவிட்டோம். கப்பலில் கொடுத்த அச்சிட்ட தாளில் ‘கெய்ராங்கர், காலை 8 மணி’ என்று இருந்தது. நாங்கள் ஏழரை மணிக்கு எழுந்து, குளித்து, மேல்தளத்துக்கு வந்தபோது கப்பல் கெய்ராங்கர் ஃபியோர்டின் கடைக்கோடியில் நங்கூரமிட்டு அசையாமல் நின்றது. சிற்றுண்டி மேசையில் எதிரே அமர்ந்திருந்த ஆங்கிலேய மூதாட்டியொருவர், கம்பளிக் குல்லாயைக் கழற்றவும் மறந்து, குளிரில் சிவந்த இரு கைகளாலும் தேநீர்க் கோப்பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, “ஏழு சகோதரிகள் அருவியில் ஏழையும் எண்ணிப் பார்த்தீர்களா?” என்று அன்புடன் வினவினார். அவர் விடியற்காலை ஐந்து மணி முதல் கப்பலின் முன்புறத்தில் நின்றிருந்தவர். தாளில் அச்சிட்டிருந்தது கப்பல் நங்கூரமிடும் நேரம் என்பதும், நுழையும் நேரம் அதற்கு வெகுமுன்னரே கழிந்துவிட்டதென்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கின. மாலையில் அதே வழியே திரும்பும்போதேனும் காணலாமென்று காத்திருந்தோம்; பிற்பகலில் இறங்கிய மேகம் மலைகளை நீர்மட்டம் வரையில் மூடிவிட்டது.

அந்த ஏமாற்றம் மூன்று வருஷங்களுக்குப் பின் எங்களை மீண்டும் அங்கே இழுத்துச் சென்றது. இரண்டாம் யாத்திரையை நாங்களே நாள் நாளாகவும் மணி மணியாகவும் வகுத்துக்கொண்டோம். இத்தகைய பிரயாணத்தை உத்தேசித்திருக்கும் அன்பர்கள் எங்களைப்போல் இருமுறை செலவழிக்க நேராதிருக்க வேண்டுமென்ற விருப்பத்தால் அந்த அனுபவத்தை இங்கே விஸ்தாரமாக எழுதுகிறேன்.

ஃபியோர்டைப் போய்ச் சேர வேண்டிய ஓர் ஊராகக் கருதியதே எங்கள் முதற்பிழை. அது வழி, வழி முழுவதும் காட்சி. பனியூழிகளில் நார்வேயின் மலைத்தொடரை மூடியிருந்த பனிப்பாளங்கள், பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே கடலை நோக்கி மெல்ல நகர்ந்து, தம் பாரத்தால் பாறையைக் கடல்மட்டத்துக்கும் கீழே பல நூறு மீட்டர் ஆழம் குடைந்துவிட்டு, பின்னர் காலநிலை மாறி உருகி மறைய, அந்தப் பள்ளங்களில் சமுத்திரம் புகுந்து நிரம்பியதால் உண்டானவை இவை. உள்ளே பனியின் கனம் மிகுதி, கடலருகே குறைவு. ஆகையால் வாயிலில் ஆழம் குறைந்தும் உட்பகுதியில் ஆழம் மிகுந்தும் இருப்பது ஃபியோர்டுகளின் விசேஷ லட்சணம். ஏறத்தாழ 205 கிலோமீட்டர் நாட்டினுள் நீண்டு கிடக்கும் சோக்னேஃபியோர்டின் ஆழம் ஓரிடத்தில் 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. கரையை ஒட்டியே இவ்வாறு ஆழம் செங்குத்தாக இறங்குவதனால்தான், பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் போன்ற கப்பல்களும் மலைச்சுவரின் அருகே தயக்கமின்றிச் செல்ல முடிகிறது. வெளியே கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே நீர் குளம்போல் அடங்கிக் கிடக்கும்.

ஆகவே கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எத்தனை துறைகளில் நிற்கிறது என்பதைப் பார்ப்பதினும், பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் ஃபியோர்டுகளுக்குள் செல்கிறது என்பதைப் பார்ப்பதே அறிவுடைமை. முதல்முறை எங்களுக்குச் சீட்டு வாங்கித் தந்த முகவர் ஆறு துறைகள் என்று பெருமையாகச் சொன்னாரேயன்றி இதைச் சொல்லவில்லை; எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. கப்பல் குழுவினரிடம் விசாரித்தால், இன்ன ஃபியோர்டின் வாயிலை இன்ன மணிக்குக் கடக்கும் என்று தட்டாமல் சொல்வார்கள். கேட்டு, ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பால்கனி வைத்த அறைக்காக அதிகப் பணம் கொடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பால்கனி ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். ஃபியோர்டுக்கோ இரு பக்கமும் வேண்டும், முன்புறமும் வேண்டும். சன்னலில்லாத உள்ளறையில் படுத்துறங்கி, விழித்திருக்கும் வேளையெல்லாம் மேல்தளத்தில் நிற்பவனே அதிகம் காண்கிறான். அந்த அறையில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு இன்னும் இரண்டு நாள் தங்கலாம்.

கப்பலின் அளவும் யோசிக்கத்தக்கது. பெருங்கப்பலில் சௌகரியங்கள் அதிகம். கட்டணமும் தினக்கணக்கில் மலிவாயிருக்கும். ஆயினும் நெருக்கமான ஃபியோர்டுகளுள் அது நுழையாது. தவிர, 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட கெய்ராங்கர், நாரோய் ஆகிய இரு ஃபியோர்டுகளின் காற்றும் நீரும் கப்பற்புகையால் மாசடையாதிருக்க வேண்டுமென்று நார்வே நாடாளுமன்றம் 2018-இல் தீர்மானித்தது. அதன் விளைவாகச் சிறிய பிரயாணக் கப்பல்கள் 2026 முதலாகவும், பெரியவை 2032 முதலாகவும் அங்கே புகையின்றியே செல்லவேண்டுமென்பது சட்டம். நல்ல சட்டம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். முதல் யாத்திரையில் எங்கள் கப்பலின் புகை அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் நீலநிறப் படலமாகத் தங்கி நின்றதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை நாங்கள் ஏறியது கரையோரத் தபால் கப்பல். ஹூர்டிகுருட்டன், அதாவது ‘விரைவு வழி’, என்று நார்வேயர் அழைக்கும் இந்தக் கப்பற்சேவை, கப்பல் தலைவர் ரிச்சர்ட் வித் என்பவரால் 1893-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ஆம் தேதி ட்ரோண்ட்ஹைம் நகரிலிருந்து வடக்கே ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலைச் செலுத்தித் தொடங்கப்பட்டது. அதற்குமுன் அவ்விரு ஊர்களுக்கிடையே ஒரு கடிதம் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் பிடிக்குமாம். தீவுகளும் பாறைகளும் நிறைந்த அந்தக் கரையில், சூரியனே உதிக்காத மாதங்களில் கலங்கரை விளக்கங்களும் அரிதாயிருந்த காலத்தில் இரவும் பகலும் கப்பல் விடுவது அசாத்தியமென்று பிறர் ஒதுங்கிவிட, வித் அவர்களும் வழிகாட்டி மாலுமியான ஆண்டர்ஸ் ஹோல்டேயும், இன்ன திசையில் இன்ன வேகத்தில் இத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு திருப்பத்தையும் பல வருஷங்களாகக் குறித்து வைத்திருந்த நோட்டுகளை நம்பி, திசைகாட்டியும் கடிகாரமுமே துணையாகப் புறப்பட்டார்கள். இன்று பெர்கன் நகரிலிருந்து ருஷிய எல்லையருகேயுள்ள கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் சென்று திரும்ப 12 நாட்கள் ஆகின்றன. 2021 முதல் இரு கம்பெனிகள் இந்தச் சேவையைப் பகிர்ந்து நடத்துகின்றன. முழுத் தூரமும் செல்ல வேண்டுமென்பதில்லை. வேண்டிய துறையில் ஏறி வேண்டிய துறையில் இறங்கலாம். போகும்போது இரவில் தொடும் துறைகளைத் திரும்பும்போது பகலில் தொடும்படி நேரங்கள் அமைந்திருப்பது இதன் பெருஞ்சிறப்பு.

எந்த மாதம் செல்வது என்பதற்கு ஒரே விடை கிடையாது. மே மாதத்தின் பிற்பகுதியில் ஹார்டாங்கர் ஃபியோர்டின் கரைச்சரிவுகளில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கும். மேலே பனி உருகும் பருவமாதலால் அருவிகள் நிறைந்து விழும். மே 17, 1814-இல் அரசியல் சாசனம் நிறைவேறிய தேசியத் திருநாள். அன்று கடைகள் மூடியிருப்பினும், ஒவ்வொரு பிரதேசத்துக்கும் உரிய பாரம்பரிய உடையில் குழந்தைகள் கொடியேந்திச் செல்லும் ஊர்வலம் காணக் கண்கோடி வேண்டும். ஜூனில் பெர்கனில் ஏறத்தாழ 19 மணி நேரம் பகல். வடமுனைப் பகுதியில் மே நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. உறக்கத்துக்கு, கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி அவசியம். ஆகஸ்டு கடைசியில் கூட்டம் குறையும். ஆனால் மெல்லிய அருவிகள் பல அப்போது வற்றிவிடுகின்றன. ஆகாயத்தில் பச்சை ஒளி நடனமிடும் வடதுருவ ஜோதியைக் காண விரும்புவோர் செப்டம்பர் இறுதிக்குப்பின் வடக்கே செல்ல வேண்டும். கோடையில் அதை எதிர்பார்ப்பது வீண்.

தஸ்தாவேஜுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராதது எனினும் ஷெங்கன் நாடு; நம்மவருக்கு ஷெங்கன் விசா தேவை. சவுத்தாம்ப்டனில் ஏறித் திரும்பவும் அங்கேயே இறங்குவதாயின் பிரிட்டிஷ் விசாவும் வேண்டும். அதுவும் மறுமுறை நுழைய இடமளிப்பதாயிருக்க வேண்டும். நெய், பால்கோவா முதலிய பால்பொருள்களை மூட்டையில் வைக்கலாகாது, சுங்கத்தில் பறிபோகும். சைவ உணவு உண்போர் சீட்டு வாங்கும்போதே எழுதித் தெரிவித்துவிட்டால் கப்பலில் சிரமமில்லை. கரையில் விலைகள் அச்சமூட்டுபவை; குழாய் நீரோ எங்கும் தூய்மையானது, விலைக்கு நீர் வாங்க வேண்டியதில்லை.

பெர்கனில் நாங்கள் இறங்கிய நாள் மழை. வருஷத்தில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. ஹன்ஸியாட்டிக் வணிகர்கள் உலர்ந்த மீனைக் குவித்து வாணிகம் செய்த ப்ரிக்கன் துறையின் மரவீடுகள், சாய்ந்தும் நெளிந்தும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, நனைந்த தார் வாசனையுடன் நின்றன. பின்சந்து ஒன்றில் மளிகைக்கடை வாசலில் தமிழெழுத்தைக் கண்டு உள்ளே நுழைந்தோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், என் கையிலிருந்த குடையைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணை, இஞ்ச குடை சரிவராது. காத்து ஒரு நிமிசத்தில முறிச்சுப்போடும். நல்ல மழைச்சட்டை ஒண்டு வாங்குங்கோ, அக்காவுக்கும் ஒண்டு. குல்லாவோட சேர்ந்ததா வாங்குங்கோ.”

எண்பதுகளின் பிற்பகுதியில் அகதியாக வந்து, முதலில் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். அந்த நாட்களில் ஈழத்தமிழர் பலருக்கு அப்பனிக்கரை ஊர்களே பிழைப்புத் தந்தன. “கையுறைக்குள்ளால குளிர் எலும்புக்குப் போகும். அதால சொல்லுறன், உள்ளுக்குக் கம்பளி, வெளியில காத்து புகாத துணி. பஞ்சுத்துணி நனைஞ்சா காயாது” என்று சொல்லிக்கொண்டே, விலை வாங்க மறுத்து இரண்டு இஞ்சி மிட்டாய்ப் பொட்டலங்களை என் மனைவியின் கையில் வைத்தார். உடையைப் பற்றி நான் படித்தவற்றையெல்லாம்விட அந்த மூன்று வாக்கியங்களே பிரயோஜனமாயின.

கப்பலேறுமுன் இரண்டு நாட்களை நாரோய்ஃபியோர்டுக்கென ஒதுக்கியிருந்தோம். பெர்கனிலிருந்து ரயிலில் மீர்தால், அங்கே வண்டி மாறி, 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு 20 கிலோமீட்டரில் இறங்கிவிடும் ஃப்லோம் ரயில், பிறகு படகு. 20 சுரங்கங்களில் பெரும்பாலானவற்றைத் தொழிலாளர் கையாலேயே குடைந்த அந்தப் பாதையில் நடுவழியே சியோஸ் அருவியின் எதிரில் வண்டி சற்று நிற்கிறது. இறங்கிய மாத்திரத்தில் கண்ணாடியில் நீர்த்திவலை படிந்து எதுவும் தெரியாமற்போகும். முதலில் காதாலும் முகத்தாலும் அனுபவித்துவிட்டுப் பின்னர் துடைத்துக்கொள்வதே உத்தமம். பெருங்கப்பல் ஃப்லோமில் வந்து நிற்கும் நாளில் இந்த ரயிலுக்கு அன்று காலையில் சீட்டு வாங்கலாமென்று நினைத்தால் கிடைக்காது. முன்கூட்டியே வாங்க வேண்டும்.

ஃப்லோமிலிருந்து குட்வாங்கன் வரை இரண்டு மணி நேரம் செல்லும் படகு, முழுவதும் மின்கலத்தால் ஓடுவது. யந்திரத்தின் ஓசையே இல்லை. நாரோய்ஃபியோர்டின் மிகக் குறுகிய இடம் 250 மீட்டர் அகலமே உடையது. இருபுறமும் ஆயிரம் மீட்டருக்கு மேலெழும் பர்வதங்களுக்கிடையே, அந்த நிசப்தத்தில், எங்கோ மேலே கண்ணுக்குத் தெரியாத ஆட்டின் கழுத்துமணியோசை நீரின்மேல் இறங்கி வந்து எங்களைத் தொட்டது. படகில் எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த நார்வே மாது, பையிலிருந்து பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியை எடுத்து, நடுவே கீற்றுப்போல் வாயுடைய ஒரு தட்டைக் கரண்டியால் மேலே இழுத்தார். தச்சனின் இழைப்புளியில் மரச்சுருள் எழுவதுபோல் மெல்லிய சுருள் ஒன்று எழுந்தது. அந்தக் கருவி 1925-இல் தோர் பியோர்க்லுண்ட் என்ற நார்வேத் தச்சர் கண்டுபிடித்ததேயாம். ரொட்டித் துண்டின்மேல் அந்தச் சுருளை வைத்து எங்களுக்கு நீட்டினார். நாவில் உப்பும், கருப்பட்டியைக் காய்ச்சும்போது எழும் மணமும் ஒருங்கே தோன்றின. பாலாடைத்தண்ணீரை வெகுநேரம் வற்றக் காய்ச்சி, அதிலுள்ள சர்க்கரை கருகிச் சிவக்கும்வரை கிளறுவதால் வரும் சுவை அது. பெருங்கப்பலில் வந்த வருஷம் இதே ஃப்லோமில் ஐந்து மணி நேரம் நின்றும், இந்தப் படகு இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பெர்கனிலிருந்து தபால் கப்பல் இரவில் புறப்பட்டது. நள்ளிரவுக்குப்பின் ஏதோ ஒரு சிறு துறையில் விழித்துக்கொண்டு சன்னல் வழியே பார்த்தேன். ஃபோர்க்லிஃப்ட் வண்டியொன்று கப்பலின் பக்கவாயிலில் புகுந்து புகுந்து மீன்பெட்டிகளையும், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சலவை யந்திரத்தையும், மூன்று சைக்கிள்களையும் ஏற்றியிறக்கிற்று. ஓர் இளைஞன் இறங்கினான். அவனுடைய தந்தை போலும், காரின் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினார். கால்மணியில் எல்லாம் முடிந்தது. வைகறையில் ஸ்டாட் என்னும் முனையைச் சுற்றியபோது கப்பல் நன்றாக உருண்டது. தீவுகளின் காப்பு அறுந்து திறந்த கடல் நேரே வந்து மோதும் இடம் அது. பழைய வைக்கிங்குகள் இந்த முனையைச் சுற்றிச் செல்ல அஞ்சித் தம் ஓடங்களைத் தரைவழியே இழுத்துச் சென்றதாகச் சொல்வர். ஃபியோர்டில் அலையில்லையென்று எண்ணி மருந்தின்றி வருவோர் இந்த இரண்டொரு மணிக்காக அதை வைத்திருக்க வேண்டும். பெர்கன் கடைக்காரர் தந்த இஞ்சி மிட்டாய் எங்களுக்கு இங்கே உதவிற்று.

1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்து சாம்பலாகி, சில வருஷங்களுக்குள் கூம்புகளும் கொடிவேலைப்பாடும் கொண்ட கல்வீடுகளாக எழுந்த ஓலெசுண்ட் நகரை விட்டு, கோடை மாதங்களில் மட்டும், கப்பல் கெய்ராங்கரை நோக்கித் திரும்புகிறது. பெயரை ஊரார் ‘யெய்ராங்கர்’ என்றே உச்சரிக்கிறார்கள். நோட்டில் குறித்திருந்த நேரத்துக்கு அரைமணி முன்னரே நாங்கள் முன்தளத்தின் இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வழியில் ஓகெர்னெஸ் என்ற மலைச்சரிவைக் காட்டினார்கள். அந்தச் சரிவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பிளந்து வருவதால் கருவிகள் பொருத்தி இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். 1934 ஏப்ரலில் அருகிலுள்ள தாஃபியோர்டில் பாறை சரிந்து விழுந்து எழுப்பிய அலையில் 40 பேர் மாண்ட சோகம் அந்தப் பக்கத்து மக்களின் நினைவிலிருந்து நீங்கவில்லை. அழகு மிகுந்த இச்சுவர்களின் கீழ் வாழ்பவர் அறிந்தே வாழ்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனத்தது.

பிறகு கப்பல் வேகத்தைத் தணித்துக்கொண்டு கிழக்கே வளைந்தது. பதினைந்து கிலோமீட்டர் நீளமுள்ள கெய்ராங்கர் ஃபியோர்டு எங்கள் முன் திறந்தது. இடப்புறம், ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்திலிருந்து ஏழு சகோதரிகள் அருவி, பாறையின் மேல்விளிம்பில் தனித்தனி நூலிழைகளாகப் பிரிந்து, பாதியில் ஒன்றிரண்டு கூடி, மீண்டும் பிரிந்து, அடியில் வெண்புகையாக நீரைத் தொட்டது. எதிர்ச்சுவரில் தனியே விழும் ஓர் அருவியை ‘மணம் வேண்டுபவன்’ என்கிறார்கள். என் மனைவி விரல்விட்டு எண்ணினாள். ஐந்து தெளிவாகத் தெரிந்தன, ஆறாவதை நான் காட்டினேன், ஏழாவது ஒளியில் வந்தும் மறைந்தும் போயிற்று. அருவிக்கு அருகே, கால் வைக்கவும் இடமில்லையென்று தோன்றும் பாறைத்தட்டில், புல் முளைத்த கூரையுடன் க்னிவ்ஸ்ஃப்லோ என்ற பண்ணைவீடு. மேலே தொங்கும் பாறையின் அபாயம் கருதி அதை 1898-இல் கைவிட்டார்களாம். வலப்புறத்துச் சுவரில் ஸ்காகெஃப்லோ. 1916 வரை அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. விளிம்பில் விழுந்துவிடாதபடி குழந்தைகளைக் கயிற்றால் கட்டி வைப்பார்கள் என்றும், வரிவசூலிப்பவர் வரும்போது ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்றும் வழங்கி வருகிறது. இப்போதைய அரசர் ஹரால்டும் அரசி சோனியாவும் தங்கள் வெள்ளிமணவிழாவை 1993-இல் அந்தப் பண்ணைவீட்டில்தான் கொண்டாடினார்கள்.

தொலைநோக்கியில் அந்த வீட்டின் வாசற்கல்லைப் பார்த்தேன். கல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருப்பதுபோல் தோன்றிற்று. யாரும் பேசவில்லை. கப்பலின் சங்கொலி ஒருமுறை எழுந்து, சுவரிலிருந்து சுவருக்குத் தாவி, எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் மறுபடி ஒலித்தது. கடைக்கோடியில் கெய்ராங்கர் ஊரின் எதிரே சிறு படகுகள் வந்து சிலரை ஏற்றிச் சென்றன. ஃபியோர்டுக்கு அப்பால் வழியில்லை. வந்த வழியே திரும்ப வேண்டும். ஆகாயம் இன்னும் தெளிவாகவே இருந்தது. கப்பல் மெதுவாகத் தன்னைத்தானே சுற்றித் திரும்பத் தொடங்கியதும், என் மனைவி மழைச்சட்டையின் குல்லாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, “வாங்க, இப்ப அந்தப் பக்கம் போய் நிப்போம், ஏழு சகோதரிகளும் திரும்ப அங்கதான் பக்கத்துல வரும்” என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஈரமான பலகைத்தளத்தின் குறுக்கே நடந்தாள்.